ஆறு மணித்தியாலத்தில் சாகும் தசை

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு, வன்கூட்டுத் தசைப் பாடம் வருகிற கிழமைதான் வருடத்திலேயே பிடித்த கிழமை. தவணை விடுமுறைக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பாடத்தின் மேலுள்ள ஆசை என்று சக ஆசிரியர்கள் நினைத்தார்கள். நானும் நினைக்க விட்டேன். உண்மையில் அந்தக் கிழமை நான் ஒரு மனிதரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம், வருடத்துக்கு ஒருமுறை, பாடத்திட்டத்துக்குள் நின்றபடியே பழிவாங்கினேன்.

முதல் நாள் ஆட்டிறைச்சி. உப்பில்லாமல் அவித்த தொடைத் துண்டொன்றைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோவேன். பிள்ளைகள் வரிசையாக வந்து ஊசியால் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே மெல்லிய வெள்ளை உறை. அதைக் கிழித்தால் உள்ளே கற்றை கற்றையாக நார்க்கட்டுகள், ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை. கட்டைப் பிரித்தால் தலைமயிர் போன்ற நார்கள். அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு கலம். கலத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத இழைகள், தடித்ததும் மெல்லியதுமாக, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன. நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் மெல்லிய இழைகள் தடித்தவற்றின் மேலாக வழுக்கி உள்ளே போகும். இழை எதுவும் சுருங்குவதில்லை, ஒன்றையொன்று நெருங்குவது மட்டும்தான். இரண்டு சீப்பின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தள்ளிக் காட்டினால் கடைசி வாங்கிலில் நித்திரை தூங்குகிறவனுக்கும் விளங்கிவிடும்.

இரண்டாம் நாள் வேலைப் பங்கீடு. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, இழுப்பது. அதற்குத் தள்ளத் தெரியாது. கையை மடக்க முன்பக்கத்துத் தசை இழுக்கிறது, நீட்டப் பின்பக்கத்துத் தசை இழுக்கிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் வீம்புக்கு நின்றால் கை அசையாது. இந்த இடத்தில் முன்வாங்கில் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டில் தாய்தகப்பன் பிடிக்கிற சண்டை நினைவுக்கு வந்திருக்கும்.

மூன்றாம் நாள் ஆடு இல்லை, நான்தான். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு இடது முன்கையை மேசையில் வைப்பேன். முழங்கைக்குக் கீழே சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மணிக்கட்டு உள்ளே மடிந்திருக்கும். விரல்கள் கோழிக்கால் மாதிரிச் சுருண்டிருக்கும். மணிக்கட்டை இன்னும் மடக்கினால் விரல்கள் கொஞ்சம் விரியும், நிமிர்த்தினால் உடனே சுருண்டுகொள்ளும். செத்த தசை வடுவாகிக் குறுகிப்போனதால் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் சேர்த்து அது எட்டாது என்று விளக்குவேன். பிறகு சுருண்ட விரல்களுக்குள் வெண்கட்டிகளைச் செருகி வைத்துக்கொண்டு, வலது கையால் பலகையில் படம் கீறுவேன்.

தசைக்கு உயிர் குருதிதான், குருதி கொண்டுவருகிற ஒட்சிசன்தான் என்று எழுதுவேன். தசை வீங்கும்போது அதைச் சுற்றியிருக்கிற உறை இளகிக்கொடுக்காது. அதற்கு மேல் வெளியிலிருந்தும் ஒரு கட்டு இறுக்கினால் குருதி உள்ளே போகாது. ஆறு மணித்தியாலம் அப்படிக் கிடந்தால் தசை செத்துவிடும். செத்த தசை திரும்ப முளைக்காது. இதையெல்லாம் எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, இந்தக் கையைச் செய்தது ஆர் தெரியுமா என்று கேட்பேன். பிறகு பெயரோடு சொல்வேன். ஊர், ஒழுங்கை, படலைக்குப் பக்கத்தில் நிற்கிற வேம்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வேன். முறிவு நெரிவுக்குக் கட்டுப்போடுகிற பரியாரி அவர். எங்கள் வீட்டிலிருந்து பத்து வீடு தள்ளி இருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கராயன் குளக்கட்டில், பெரிய ஆட்களின் சைக்கிளில் பாருக்குள் காலை விட்டு ஓடிப் பழகினேன். கட்டிலிருந்து சறுக்கி விழுந்ததில் இடது முழங்கைக்குச் சற்று மேலே முறிந்தது. அப்பா அதற்கு முதல் வருடமே செத்துப்போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆசுபத்திரிக்குப் போக வாகனமும் இல்லை, போனால் அங்கே மருந்தும் இல்லாத சண்டைக் காலம். அடுத்த நாள் காலையில் அம்மா என்னைப் பரியாரியிடம் கொண்டுபோனார். அவர் எலும்பைப் பொருத்தி, உழுந்துமாவும் முட்டை வெண்கருவும் பூசி, பனைமட்டையில் சீவிய தட்டைக் குச்சிகளை அடுக்கி, எண்ணெய்ச் சீலையால் சுற்றிக் கட்டினார். அன்று பகல் முழுவதும் கத்தினேன். அதற்கு மறுநாள் விடியப் பரியாரி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்து வந்து கட்டை அவிழ்த்தபோது கை கறுத்து, விறைத்து, என்னுடையதல்லாத ஒரு பொருளாக இருந்தது.

சாமி கும்பிடப் போனதால் என் கை போனது. இந்தக் கதையை அம்மாதான் எனக்குச் சொல்லி வளர்த்தார். பரியாரி பொங்கலுக்குப் போயிட்டார், மூண்டு நாள் வரேல்லை, நான் ஒரு பொம்பிளை என்ன செய்ய. இதே சொற்கள், இதே ஒழுங்கில், முப்பது வருடமாகக் கேட்டேன். இடம்பெயர்ந்த இடங்களிலும் முகாமிலும் கேட்டேன். நான் உயிரியல் படித்ததே அந்தக் கைக்குள் என்ன நடந்தது என்று அறிந்து, அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் சொல்லத்தான். பல்கலைக்கழகத்தில், இறுகிய கட்டுக்குள் தசை சாவதைச் சொல்கிற பக்கத்தைப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது அழுகை வரவில்லை. பிடிபட்டான் என்றுதான் நினைத்தேன்.

திரும்பிவந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் என் கறுவத்துக்குத் தொழில் கிடைத்தது. வருடத்துக்கு முப்பது பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கதை சொன்னார்கள். கை முறிந்தவர்கள் பரியாரி வீட்டுக்குப் போகாமல் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினார்கள். நல்லதுதானே என்று யாரும் சொல்லலாம். ஆனால் நான் நல்லதுக்காகச் செய்யவில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது வேண்டுமென்றே அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போவேன், இடது கையைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு. ஒரு வருடம் பரியாரி வீட்டு விறாந்தை வாங்கிலில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். இன்னொரு வருடம் வாங்கிலே இல்லை. பிறகு ஒரு நாள், எண்ணெய் காய்ச்சுகிற அடுப்புக்குள் கோழி அடைகிடந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார்.

போன வருடம் புது வகுப்புப் பதிவேட்டில் தகப்பன் பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது பரியாரியின் மகனுடைய பெயர் இருந்தது. அவருடைய பேத்தி என் வகுப்புக்கு வந்திருந்தாள். மெலிந்த பெண், இரட்டைப் பின்னல், எழுத்து அச்சுப் போல. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் கை உயர்த்த மாட்டாள். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் தோன்றியதை ஒதுக்கிவைத்துவிட்டு, தசைப் பாடத்துக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் வந்தது. வழக்கத்தை விட நன்றாகச் செய்தேன். அவளுடைய வாங்கிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் பெயரைச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த வருடத்தில் முதல் தடவையாகக் கை உயர்த்தினாள்.

எழும்பி நின்று, தணிந்த குரலில் கேட்டாள். "ரீச்சர், ஆறு மணித்தியாலத்தில தசை செத்திடும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். காலமை கட்டினது எண்டும் சொன்னனீங்கள். அப்ப பின்னேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். என்ர அப்பப்பா அடுத்த நாள் விடியத்தானே வெளிக்கிட்டவர். அண்டைக்குப் பகல் முழுக்க வீட்டிலதானே இருந்திருப்பார். பத்து வீடு தள்ளி. ஆரும் போய்க் கூப்பிடேல்லையோ ரீச்சர்?"

வெளியே போ என்றேன். அவள் புத்தகங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். நான் பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். ஆறு மணித்தியாலம் என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. பதினான்கு வருடமாக நான்தான் எழுதினேன். ஒரு வருடமாவது அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. கதை எப்போதும் பொங்கலில் இருந்துதான் தொடங்கும். அதற்கு முந்திய பகல் என் கத்தலோடு முடிந்துபோகும். அந்தப் பகலில் என்னோடு இருந்தது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். சைக்கிளை விழுத்திவிட்டு நேரே கேட்டேன். அன்றைக்குப் பகல் பரியாரி வீட்டில் இருந்தாரா என்று. அம்மாவின் கால் நின்றது. ஓம் என்றார். கட்டிப்போட்டு ஒன்றும் சொல்லாமலா விட்டார் என்று கேட்டேன். அம்மா நெல்லைப் பார்த்தபடியே இருந்தார்.

"சொன்னவர். விரல் நீலிச்சால் உடன கூப்பிடச் சொன்னவர், கூப்பிட ஏலாட்டி சீலையை அறுத்துவிடச் சொன்னவர். மத்தியானமே நீலிச்சிட்டுது, பிள்ளை. நான் பாத்தனான்."

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. முறிவுக்குப் போட்ட கட்டை மூன்றாம் நாளுக்கு முன் தொடக்கூடாது, தொட்டால் எலும்பு விலகிக் கை கோணலாகப் பொருந்தும் என்பார்கள். நோகாமல் எலும்பு கூடாது என்றும் சொல்வார்கள். அம்மா இரண்டையும் நம்பியிருந்தார். கூப்பிட்டால் பரியாரி வந்து அவிழ்த்துவிடுவார் என்று பயந்துதான் கூப்பிடவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை. கை கோணிப்போனால் ஆர் கட்டுவினம் எண்டு நினைச்சன்," என்றார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒருவரும் கட்டவில்லை. அதை நான் சொல்லவில்லை, அது முற்றத்தில் எங்கள் இருவருக்கும் நடுவில் தானாகவே நின்றது. தன் வினை தன்னைச் சுடும் என்று பரியாரிக்கு நான் சொன்ன பழமொழிக்கு இன்னொரு பாதி இருக்கிறது, ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று. அந்தப் பாதியை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது வீடு சுட்டது. முப்பது வருடமாக அந்தக் கிழவர் மேல் வைத்திருந்த ஆத்திரம் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆள் மட்டும் மாறியது. சோற்றைப் பிசைந்து ஊட்டியவள், அதே கையால் வேறொருவனைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

என் தலைமுடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு கையால் மற்ற எல்லாவற்றையும் பழகிவிட்டேன். சேலைக் கொய்யகத்தைத் தைத்தே வைத்திருக்கிறேன். தேங்காயைத் துருவலையில் முழங்காலால் அழுத்திப் பிடித்துத் துருவுவேன். பின்னல் மட்டும் முடியாது. முடி இடுப்பு வரை இருந்தது. ஒன்பது வயதிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் நான் கதிரையில் இருக்க, அம்மா பின்னால் நின்று, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, சீவி, பின்னிவிடுவார். முகாமில் எண்ணெய் இல்லாதபோது தண்ணீர் தொட்டுப் பின்னினார். காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பி வருவார். பாசம் என்று நினைத்திருந்தேன். அது தண்டனை என்று இப்போது விளங்கியது. தனக்குத் தானே விதித்த தண்டனையை அவர் ஒவ்வொரு காலையும் என் தலையில் அனுபவித்துக்கொண்டிருந்தார். அதில் ஆறுதலும் கண்டிருப்பார்.

சனிக்கிழமை பஸ் ஏறி, பரந்தனில் பெண்களுக்கு முடி வெட்டுகிற இடத்துக்குப் போனேன். கழுத்துக்கு மேலே வெட்டச் சொன்னேன். அந்தப் பெண் மூன்று தடவை உறுதியாகவா என்று கேட்டாள். பின்னலைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்தேன். அம்மா பின்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னலைத் தூக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அலுமாரிக்குள் வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்குச் சீப்போடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்றார். பழக்கத்தில் வந்துவிட்டார். கையை உயர்த்திய பிறகுதான் பிடிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கை காற்றில் நின்ற நேரம் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், கற்கண்டு போல இனித்தது.

பேத்தி ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அடுத்த வருடம் பரீட்சை. அவளைத் துரத்தியது நான் என்று வகுப்புக்கே தெரியும். அவள் இருந்தது பரியாரி வீட்டில்தான், போகக் கூசியது. போனேன். பதினான்கு வருடமாகக் கடந்து மட்டும் போன படலையைத் திறந்தபோது பரியாரி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. யார் என்று கேட்டார். சொன்னேன். கையைக் காட்டச் சொன்னார்.

அவருடைய பெருவிரல் முழங்கையிலிருந்து மெதுவாகக் கீழே வந்தது. தசை முடிந்து வடு தொடங்குகிற இடத்தில் சரியாக நின்றது. என் புத்தகங்கள் எல்லாம் காட்டிய இடம் அதுதான்.

கட்டு என்னுடைய கட்டுத்தான், கொஞ்சம் இறுக்கம், பொழுதுபடமுதல் ஒருக்கால் வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். இந்தச் சொற்களைக் கேட்கத்தான் நான் ஒரு பட்டமே படித்திருந்தேன். கேட்டபோது வாயில் பழங்கஞ்சி போல இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனதை ஏன் ஊருக்குச் சொல்லவில்லை, நான் உங்கள் தொழிலையே அழித்தேனே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் நீங்கள் பிறகு ஆரோட இருந்திருப்பியள், பிள்ளை?" என்றார்.

நான் எழும்பிவிட்டேன். யாரை அழித்தேன் என்று நினைத்திருந்தேனோ அவரிடம் முப்பது வருடமாகப் பிச்சை வாங்கியிருக்கிறேன். அது எனக்குக் கையை விட நொந்தது. பேத்தி குசினி வாசலில் நின்றாள். நாளைக்கு வா, உன்னுடைய கேள்வி சரி என்று அவளிடம் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்து திரும்பிப் போனது. அவள் அடுத்த நாள் வந்து, அதே வாங்கிலில் இருந்தாள். பலகைக்கு முன்னால் நின்று, நான் பதினான்கு வருடமாகச் சொன்ன பெயர் பிழை என்று வகுப்புக்குச் சொன்னேன். அப்படியென்றால் ஆர் ரீச்சர் என்று ஒருவன் கேட்டான். பாடத்துக்கு அது தேவையில்லை என்றேன். அம்மாவை நான் ஊருக்குக் கொடுக்கவில்லை. அவர் எனக்கு மட்டும்தான்.

முடி கழுத்தைத் தொடுகிறபோதெல்லாம் பரந்தனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வருகிறேன். வருடமாகிவிட்டது. வேலை இல்லாத தசை மெலியும், அதையும் நான்தான் படிப்பிக்கிறேன். அம்மாவின் பெருவிரலடியில் இருந்த சதைமேடு வற்றிக்கொண்டு வருகிறது. வயதும் காரணம்தான். ஆனால் முப்பது வருடம் ஒவ்வொரு காலையும் என் முடியை இறுக்கிப் பிடித்த விரல்கள் அவை, அவற்றுக்கு நான் வேலை கொடுப்பதில்லை. குசினியில் ஒரு போத்தல் கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டால் எனக்கு எந்தத் தசை என்று தெரியும்.

போன கிழமை காலையில் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். மூடியைத் திறக்க முடியவில்லை என்றார். போத்தலை என் சுருண்ட இடது விரல்களுக்குள் செருகினேன். செத்த தசை விட்டுக்கொடுக்காது, இப்படியான வேலைக்கு அது நல்ல பிடி. வலது கையால் மூடியைத் திருகித் திறந்து கொடுத்தேன். அம்மா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். முதல் நாள்தான் நான் வெட்டிக்கொண்டு வந்திருந்தேன். அது அவருக்குத் தெரியும். என் கழுத்துக்குப் பின்னால் அந்தக் கை உயர்ந்து நிற்பதை எண்ணெய் மணத்தில் அறிந்தேன்.

நான் எழும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டேன். கையிலிருந்த எண்ணெயை அவர் என்ன செய்தார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.